ஃபேர்னஸ் நின்றால் யாரைக் கூப்பிடுவது? ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

ஜனவரி மாதத்து இரவில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுவிட்டால் யாருக்கும் நிதானம் இருக்காது. பிள்ளைகள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். போனில் தேடினால் முதலில் வருகிற விளம்பரத்தை அழுத்துவோம். ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் வந்து, "இது பழசு அண்ணா, திருத்திப் பிரயோசனமில்லை, நாளைக்கே புதுசு பூட்டலாம்" என்பார். காலையில் பத்து வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்திருக்கும். பழுது என்னவென்று பின்னர் பார்த்தால், துடைத்துவிட்டால் சரியாகியிருக்கக்கூடிய ஒரு சின்னக் கம்பியாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வளர்ந்தவர்களுக்கு வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் புதிய பொருள். அதனால் வருகிறவர் திருத்த வந்தவரா, விற்க வந்தவரா என்று எங்களுக்குப் பிடிபடுவதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். அதற்கான வேலையில் பாதி, ஃபேர்னஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே செய்ய வேண்டியது.

முதலில் பேஸ்மென்றுக்குப் போங்கள்

வீட்டுத் திறப்பு கைக்கு வந்த கிழமையிலேயே போங்கள். ஃபேர்னஸின் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு தகடோ ஒட்டியோ இருக்கும். மாதிரி இலக்கம், தொடர் இலக்கம் இரண்டும் அதில் இருக்கும். படம் எடுங்கள். தொடர் இலக்கத்தை வைத்து அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று தயாரித்த கொம்பனி சொல்லிவிடும். வெளியே நிற்கும் ஏசிப் பெட்டியின் தகட்டையும் படம் எடுங்கள். அதில் எந்த வகைக் குளிர்வாயு என்று எழுதியிருக்கும். ஆர்-22 என்றிருந்தால் அது பழைய இயந்திரம். கனடாவுக்குள் புதிய ஆர்-22 இறக்குமதி 2020 உடன் நின்றுவிட்டது. மீட்டெடுத்த வாயுதான் கிடைக்கும், விலையும் கடுமை. ஆர்-410ஏ என்றிருந்தால் அது அதற்குப் பிறகு வந்த வகை.

அடுத்து குழாயைப் பாருங்கள். ஃபேர்னஸிலிருந்து வெள்ளையோ சாம்பல் நிறமோ ஆன பிளாஸ்ரிக் குழாய்கள் சுவர் வழியே வெளியே போனால் அது கூடிய திறனுள்ள வகை. 2010க்குப் பிறகு கனடாவில் விற்கப்பட்ட வீட்டு காஸ் ஃபேர்னஸ் எல்லாம் அநேகமாக இதுதான். தகரக் குழாய் புகைபோக்கிக்குப் போனால் பழையது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் போனில் ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்கும்.

காஸ் குழாயில் ஒரு கைபிடி இருக்கும். குழாயின் நீளத்துக்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் பூட்டியிருக்கிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் அதைக் காட்டி வையுங்கள்.

கடைசியாக, எது உங்களுடையது, எது வாடகை? சுடுதண்ணீர்த் தாங்கியில் ஒரு வாடகைக் கொம்பனியின் ஒட்டி இருப்பது இங்கே சாதாரணம். ஃபேர்னஸும் ஏசியும்கூட வாடகையாக இருக்கலாம். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் வாடகைப் பொருட்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. கையெழுத்திட முன் வழக்கறிஞரிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாடகைப் பொருள் பழுதானால் திருத்துவது பெரும்பாலும் அந்தக் கொம்பனியின் பொறுப்பு. வேறு ஆளைக் கூப்பிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை.

வின்ரரில் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வெளியே ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஏசியை ஓடவிட்டுச் சோதிப்பது கொம்பிரசருக்கு நல்லதல்ல. வீடு பார்க்க வரும் பரிசோதகரும் அதை ஓடவிடமாட்டார். ஆகவே பெப்ரவரியில் வாங்கிய வீட்டில் ஏசி வேலை செய்யும் என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்லவில்லை. மே மாதமே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜூலை வெக்கையில் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் கூப்பிடுவார்கள்.

கூப்பிட முன் பத்து நிமிடம்

முட்டை அழுகிய மணம் வந்தால் இந்தப் பகுதியை வாசிக்கவே வேண்டாம். சுவிச் எதையும் போடாமல், நிறுத்தாமல், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், வெளியில் நின்று 911ஐயும் காஸ் கொம்பனியையும் கூப்பிடுங்கள். காபன்மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி விடாமல் அலறினாலும் அதேதான். அந்தக் கருவி படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மணமும் இல்லை, அலறலும் இல்லை, சூடு மட்டும் வரவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுவரில் உள்ள தேர்மோஸ்ராற்றில் எழுத்துத் தெரிகிறதா? தெரியாவிட்டால் பற்றரியை மாற்றுங்கள். 'ஹீற்' என்பதில் நிற்கிறதா? ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் சாதாரண லைற் சுவிச் போலவே ஒன்று இருக்கும். பேஸ்மென்றில் சாமான் அடுக்கியவரோ, லைற் என்று நினைத்த பிள்ளையோ அதை நிறுத்தியிருக்கலாம். இந்த ஒரு சுவிச்சுக்காக ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்த வீடுகள் நிறைய. பிறேக்கரையும் பாருங்கள். ஃபேர்னஸின் கீழ்க் கதவு சரியாகப் பூட்டாமல் இருந்தாலும் இயந்திரம் ஓடாது. அதற்குள் ஒரு பாதுகாப்புச் சுவிச் இருக்கிறது.

பிறகு வெளியே போய் அந்தப் பிளாஸ்ரிக் குழாய்களின் வாயைப் பாருங்கள். பெரிய பனிக்குப் பிறகு ஃபேர்னஸ் நின்றால் அநேகமாக அங்கேதான் காரணம். பனியையும் ஐஸையும் கையால் அகற்றினால் போதும்.

இனி, ஃபேர்னஸுக்குள் போகும் காற்றின் தூசியைப் பிடிக்கும் பில்ரர். எங்கள் வீடுகளில் இதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம். தூள் வறுக்கிற வீடு, தாளிதம், பொரியல், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் சேர்ந்து, மூன்று மாதம் தாங்கும் என்று உறையில் எழுதியிருக்கும் ஒரு அங்குலப் பில்ரரை ஒரு மாதத்திலேயே எண்ணெய்ப் பிசுக்கோடு சாம்பல் கம்பளமாக்கிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றுங்கள். பில்ரர் அடைத்தால் வின்ரரில் ஃபேர்னஸ் அளவுக்கு மீறிச் சூடாகித் தானே நின்றுவிடும், சமரில் ஏசியின் உட்சுருள், அதாவது காற்றைக் குளிராக்கும் குழாய்ச்சுருள், ஐஸாகும். ஓரத்தில் உள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்திருக்க வேண்டும். கடையில், எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கு 'மெர்வ்' என்று ஓர் இலக்கம் போட்டிருப்பார்கள். கூடின இலக்கம் நல்லது என்று 13ஐ வாங்கி மெல்லிய ஒரு அங்குலத்தில் போட்டால் காற்று போகாமல் திணறும். 8 முதல் 11 வரை சாதாரண வீட்டுக்குப் போதும். நாலு, ஐந்து அங்குலத் தடிப்புள்ள பில்ரர் என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடும். தூள் வறுக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடுங்கள். அது வெளியே ஊதுகிற வகையா, வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிற வகையா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு வராதது ஒரு அறையில் மட்டும்தான் என்றால் ஃபேர்னஸில் பிழையில்லை. நிலத்திலுள்ள காற்றுத் துவாரத்துக்கு மேல் கட்டிலோ அலுமாரியோ நிற்கும்.

இவ்வளவுக்கும் சரிவராவிட்டால், இயந்திரத்தின் முன்னால் நின்று காது கொடுங்கள். ஃபேர்னஸ் ஒரு வரிசைப்படிதான் தொடங்கும். முதலில் சின்ன விசிறி ஒன்று உறுமும், அது புகையை வெளியே தள்ளுவது. பிறகு 'கிளிக்'. பற்றவைக்கும் துண்டு செம்மஞ்சளாக ஒளிரும். காஸ் 'புஸ்' என்று பிடித்து நீலமாக எரியும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துப் பெரிய விசிறி தொடங்கி வீட்டுக்குள் சூடு வரும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்தீர்கள் என்றால் பழுதை அரைவாசி கண்டுபிடித்தாயிற்று. சின்ன விசிறியே சுற்றவில்லை என்றால் அந்த மோட்டர் அல்லது மின்சாரம். சுற்றுகிறது, ஆனால் ஒளிரவில்லை என்றால் காற்றழுத்தச் சுவிச் அல்லது பற்றவைக்கும் துண்டு. தீ பிடித்துச் சில வினாடியில் அணைந்து, மறுபடி பிடித்து, மறுபடி அணைந்து, பிறகு முயற்சியையே விட்டுவிட்டால் பெரும்பாலும் தீயை உணரும் கம்பி அழுக்குப் பிடித்திருக்கிறது. நான் முதலில் சொன்ன கம்பி அதுதான்.

கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக ஒரு விளக்கு மின்னுவதும் தெரியும். எத்தனை தரம் மின்னி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள், அல்லது வீடியோ எடுங்கள். அதன் பொருள் கதவின் உள்பக்க அட்டவணையில் இருக்கும். சுவிச்சை நிறுத்திப் போட்டால் சில இயந்திரங்களில் அந்தக் குறி அழிந்துவிடும். ஆகவே எண்ணிய பிறகே நிறுத்துங்கள்.

இதற்கு மேல் கை வைக்காதீர்கள். காஸ் வால்வ், எரியும் பகுதி, வெளியே ஏசிப் பெட்டியின் உள்பக்கம் மூன்றும் உங்கள் வேலையல்ல. ஏசியில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றர் என்ற பாகம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உதைக்கும்.

யாரைத் தேடுவது

காஸ் வேலை செய்யும் கொம்பனி, ஒன்ராறியோவில் ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அதிகாரசபையில் பதிந்திருக்க வேண்டும். அதன் இணையத்தளத்தில் கொம்பனியின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வருகிற ஆளிடம் ஜி1, ஜி2, ஜி3 என்று ஒரு சான்றிதழ் அட்டை இருக்கும். வீட்டு ஃபேர்னஸுக்கு ஜி2 போதும். ஜி3 என்றால் இன்னும் பழகுகிறவர், மேலே ஒருவரின் கண்காணிப்பில்தான் வேலை செய்யலாம். ஏசிக்கு வேறு அட்டை: 313ஏ அல்லது 313டி. இதை, தொழிற்சான்றிதழ் கொடுக்கும் ஸ்கில்ட் றேட்ஸ் ஒன்ராறியோவின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். குளிர்வாயுவைத் தொடுகிறவருக்கு ஓ.டி.பி. என்ற ஓசோன் பாதுகாப்புப் பயிற்சி அட்டையும் வேண்டும். "தம்பி, உங்கட காட்டை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒழுங்கானவர்கள் கேட்க முன்னரே காட்டுவார்கள்.

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் எங்கள் ஆட்களே இந்தத் தொழிலில் நிறையப் பேர். தமிழில் விளக்கம் கேட்க முடிவது பெரிய வசதி, அம்மா அப்பா தனியே இருக்கும் வீட்டில் இன்னும் வசதி. ஆனால் "தெரிஞ்ச பெடியன், காசாக் குடுத்தால் குறைச்சுச் செய்வான்" என்பதில் ஒரு விலை மறைந்திருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் உத்தரவாதம் இல்லை. அட்டை இல்லாதவர் காஸ் குழாயில் கை வைத்து ஏதும் நடந்தால் வீட்டுக் காப்புறுதியும் தகராறு பண்ணலாம். 13 வீத வரி மிச்சம் என்று பார்த்தால் கணக்குச் சரிவராது. மாமாவின் மகனாகவே இருந்தாலும் அட்டையும் ரசீதும் வேண்டும்.

நல்லவரைத் தேடும் காலம் செப்ரெம்பர். வருடப் பராமரிப்புக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் எப்படி வேலை செய்கிறார், எதை விளக்குகிறார், எதையாவது விற்கப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அவசரம் இல்லாத அந்த நாளில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் இலக்கத்தைச் சேமித்து வையுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதத்துக்கும் இந்தப் பராமரிப்புச் சீட்டுகள் சில வேளை தேவைப்படும். புதுசாகப் பூட்டியதென்றால் குறித்த நாட்களுக்குள் இணையத்தில் பதிந்தால்தான் பாகங்களுக்கு முழு உத்தரவாதம், பல கொம்பனிகளில் பத்து வருடம். கூலி அதில் சேராது, அதைத் தனியே கேளுங்கள்.

போனில் எப்படிக் கதைப்பது

"சூடு வரேல்ல, உடனே வாங்கோ" என்றால் அவசரக் கட்டணம் கேட்பார்கள், நீங்களும் கொடுப்பீர்கள். கொஞ்சம் விபரமாகச் சொன்னால் மறுமுனையில் பேச்சு மாறும்:

"2014ஆம் ஆண்டு ஃபேர்னஸ், பிளாஸ்ரிக் குழாய். பில்ரர் புதுசு, குழாய் அடைக்கேல்ல. தீ பிடிச்சு நாலைஞ்சு செக்கனில நூருது. விளக்கு இத்தனை தரம் மின்னுது. வந்து பாக்க எவ்வளவு? திருத்தினால் அந்தக் காசைக் கழிப்பீங்களோ? இரவு வந்தால் எவ்வளவு, நாளைக்குக் காலமை வந்தால் எவ்வளவு?"

வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம் உண்டு, அது நியாயமானது. "பார்ப்பது இலவசம்" என்கிறவரிடம்தான் கொஞ்சம் கவனம். அவர் பெற்றோல் காசை எங்கேயாவது எடுக்கத்தானே வேண்டும், அநேகமாகப் புது இயந்திரத்தில் எடுப்பார்.

காலைவரை தாங்கலாம் என்றால் தாங்குங்கள். மின்சார ஹீற்றரை நேரே சுவர்ச் சொக்கற்றில் போடுங்கள், எக்ஸ்ரென்ஷன் வயரில் வேண்டாம். சமையலறைத் தொட்டிக்குக் கீழுள்ள கதவுகளைத் திறந்து, குழாயைத் துளித்துளியாக ஓடவிட்டால் தண்ணீர்க்குழாய் உறையாது. பாபிக்கியூவை உள்ளே கொண்டுவருவதோ, காஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வதோ உயிருக்கு ஆபத்து.

வந்தவர் சொல்வதைப் புரிந்துகொள்வது

பக்கத்தில் நில்லுங்கள். "எந்தப் பாகம், எப்படிக் கண்டுபிடிச்சீங்கள், பழசைக் காட்டுங்கோ" என்ற மூன்றும் போதும். விலையை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் மதிப்பீடு கொடுத்திருந்தால், கடைசிக் கணக்கு அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்பது ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இடையில் நீங்கள் சம்மதித்துக் கூட்டிய வேலை வேறு கணக்கு.

பயமுறுத்தும் சொல் ஒன்று உண்டு: "ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சிட்டுது." தீயையும் நீங்கள் மூச்சுவிடும் காற்றையும் பிரித்து வைக்கும் உலோக அறை அது. உண்மையில் அதில் வெடிப்பு, அதாவது கீறல், விழுந்திருந்தால் காபன்மொனொக்சைட் வீட்டுக்குள் வரலாம், அப்போது காஸை நிறுத்திச் சிவப்புச் சிட்டை கட்டுவது அவருடைய சட்டக் கடமை. அந்தச் சிட்டையை நீங்கள் கழற்றக்கூடாது. ஆனால் விற்பதற்காகச் சொல்லப்படும் பொய்களிலும் இதற்குத்தான் முதலிடம். கமரா விட்டு எடுத்த படத்தைக் கேளுங்கள், காபன்மொனொக்சைட்டை அளந்த கருவியில் வந்த இலக்கத்தைக் கேளுங்கள். சிட்டை கட்டிய பிறகும் வேறொரு கொம்பனியைக் கூப்பிட்டு இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தயாரித்தவரின் உத்தரவாதம் அந்தப் பாகத்துக்கு மற்றவற்றைவிட நீளமாக இருப்பது வழக்கம், முதலில் அதைப் பாருங்கள்.

ஏசிக்கு வரும் பொய் வேறு மாதிரி: "காஸ் குறைஞ்சு போச்சு, ஒவ்வொரு வருசமும் நிரப்ப வேணும்." ஏசியின் குளிர்வாயு பெற்றோல் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், செலவழியாது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்பினால் அடுத்த சமரில் அவர் மறுபடி வருவார். நிரப்பினால் எந்த வகை, எத்தனை இறாத்தல் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

ஏசிப் பெட்டி உறுமுகிறது, விசிறி சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கப்பாசிற்றர், விலை குறைந்த பாகம். உட்சுருள் ஐஸாகியிருந்தால் ஆள் வர முன்னரே குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் சில மணித்தியாலம் ஓடவிடுங்கள். ஐஸ் இருக்கும்வரை அவரால் எதையும் அளக்க முடியாது, வந்து பார்த்த காசு வீண். திருத்திய பிறகு நீங்களே சோதிக்கலாம்: காற்று உள்ளே இழுபடும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் வெப்பமானி வைத்தால், வித்தியாசம் செல்சியஸில் 8 முதல் 12 பாகைக்குள் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. ஜூனில் மரங்களிலிருந்து பறக்கும் பஞ்சு வெளிப்பெட்டியைச் சுற்றிப் போர்வையாகப் படியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தி அடித்தால் தகடுகள் வளையும்.

"புதுசு போடுங்கோ" என்றால்

ஃபேர்னஸ் 15 முதல் 20 வருடம் ஓடும். எட்டு வயது இயந்திரத்தை மாற்றச் சொன்னால் அந்த ஆளை மாற்றுங்கள். பதினெட்டு வயதில் பெரிய பாகம் போனால் மாற்றுவது சரிதான், ஆனால் மூன்று பேரிடம் விலை கேட்டு. ஹீற் பம்ப் பற்றியும் அப்போதே கேளுங்கள். வின்ரரில் சூடும் சமரில் குளிரும் ஒரே பெட்டியில் வரும். அரச உதவித் திட்டங்கள் அடிக்கடி மாறுவதால், விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்பாமல் அரசின் இணையத்தளத்திலேயே பாருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் மாதக் காசு சின்னதாகத் தெரியும். முழுக் காலத்துக்கும் பெருக்கிப் பாருங்கள், வருடாவருடம் எத்தனை வீதம் கூடும் என்றும், இடையில் விட்டால் என்ன கட்ட வேண்டும் என்றும் பாருங்கள். பெருக்கிய தொகை கடைவிலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வருவது புதினமல்ல. முன்னர் இந்தக் கொம்பனிகள் வீட்டின் காணிப் பதிவில் 'நொசி' என்ற உரிமைக் குறிப்பைப் போட்டுவிடும். வீட்டை விற்கப் போகும்போதுதான் அது தெரியவரும். நுகர்பொருட்களுக்கு அப்படிப் போடுவதை 2024 ஜூனில் ஒன்ராறியோ தடை செய்துவிட்டது. பழைய குறிப்பு இருந்தால் வழக்கறிஞரிடம் சொல்லி நீக்கலாம்.

கதவைத் தட்டி "காஸ் கொம்பனியில இருந்து வாறம், ஃபேர்னஸைப் பாக்க வேணும்" என்கிறவரை உள்ளே விடாதீர்கள். நீங்கள் அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீற்றர், காற்றுக்குழாய் துப்புரவு போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது 2018 மார்ச் 1 முதல் இங்கே தடை. அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. நீங்களே அழைத்து, வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பிரதி கைக்கு வந்து பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். எழுத்தில் அறிவியுங்கள். பகலில் வீட்டில் தனியே இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொல்லி வைக்க வேண்டும்: எதிலும் கையெழுத்து வேண்டாம், காஸ் கணக்குச் சீட்டைக் காட்ட வேண்டாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு, காசும் அவருடையது. செப்ரெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும் என்பது மாகாண விதி. ரொறன்ரோ நகர விதி 21 பாகை கேட்கிறது. பேஸ்மென்றில் இருப்பவர்களுக்குச் சிக்கல் என்னவென்றால் தேர்மோஸ்ராற் மேல்மாடியில் இருக்கும், மேலே சூடானதும் இயந்திரம் நின்றுவிடும். வாய்த்தர்க்கத்துக்குப் போக முன், ஒரு சின்ன வெப்பமானியை அறை நடுவில் வைத்து, திகதியும் நேரமும் தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். சொந்தக்காரராக இருந்தால் எழுதக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். சரிவராவிட்டால் ரொறன்ரோவில் 311ஐக் கூப்பிட்டு முறையிடலாம். கொண்டோவில் என்றால் கட்டட நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். பல கட்டடங்களில் சூட்டிலிருந்து குளிருக்கு முழுக் கட்டடமும் ஒரே நாளில்தான் மாறும், அதற்கு முன் உங்கள் வீட்டு ஏசியைப் போட்டால் வெறும் காற்றுத்தான் வரும்.